கிள்ளையிலிருந்து ஒரு தூது

கிள்ளை என்னும் சொல்லுக்குத் தமிழில் கிளி என்று பொருள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, உப்பங்கழிகளும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் அருகிருக்க அமைந்த நம் ஊருக்கு இப்பெயர் வாய்த்த வரலாறு அறிஞர்களின் ஆய்வுக்குரியது. 2021ஆம் ஆண்டின் நடுவில் நாம் இங்குப் பணியேற்றபோது, அது நமக்கு மாற்றல் கடிதத்தில் கண்ட ஓர் ஊர்ப்பெயர், அவ்வளவே. பின்னர் அப்பெயரே நம்மைக் கேள்வி கேட்கத் தொடங்கிற்று. அதற்குக் காரணம், ஐம்பத்திரண்டாம் வயதில் நாம் மறுபடியும் மாணவராகியதுதான்.

அது பெருந்தொற்றின் காலம். கோவில் கதவுகள் மூடியிருந்த வாரங்களில் நம் மறையுரைகளைக் கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப் வழியே அனுப்பி வந்தோம். சிறிது நேரத்திற்கெல்லாம் கைகூப்பும் சின்னங்கள் வரிசையாக வந்து சேரும். முதலில் அது மனத்துக்கு நிறைவாகவே இருந்தது. ஒரு நாள் தவறுதலாக, ஒலியே பதிவாகாத வெற்றுக் கோப்பு ஒன்றை அனுப்பிவிட்டோம். அதற்கும் பதினேழு கைகூப்புகள் வந்தன! அன்று நமக்குச் சிரிப்பு வந்தது. இரவில் படுத்த பிறகு அச்சம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாசகமேடையில் நின்று பேசியிருக்கிறோம். அவற்றுள் எத்தனை, ஒலியில்லாத கோப்புகளாகவே போய்ச் சேர்ந்தனவோ?

ஆயரின் இசைவைப் பெற்று, 2022இல் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் தமிழ் முதுகலைக்குப் பதிவு செய்தோம். பாடத்திட்டத்தில் சிற்றிலக்கியம் ஒரு தாள்; மக்கள் தகவல் தொடர்பியல் ஒரு தாள். பேசுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இரண்டும் வேண்டியவை என்று தோன்றின.

இந்த வயதில் எதற்கு என்று கேட்ட உடன்பணியாளர்களுக்கு நாம் சொன்ன விடை ஒரு பெயர். கிள்ளை நிலையத்தில் தொடர்வண்டி ஏறினால் அடுத்து வருவது சிதம்பரம். அந்நிலையத்தை அடுத்தே அண்ணாமலை நகர். 1929இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்திற்கு 1945இல் முப்பத்திரண்டு வயதுக் கத்தோலிக்கக் குரு ஒருவர் மாணவராக வந்தார். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்து, உரோமையில் பயின்று, 1938இல் குருப்பட்டம் பெற்றவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர். தம் தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகக் கற்கவில்லையே என்னும் குறை உறுத்த, இளைஞரோடு இளைஞராகப் பெஞ்சில் அமர்ந்தார். அவரே தனிநாயகம் அடிகள். 1952இல் 'தமிழ்க் கலாச்சாரம்' எனப் பொருள்படும் ஆங்கில இதழைத் தொடங்கி உலகத்தோடு தமிழைப் பேச வைத்தவர். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்றவர். நாம் அவர் நிழலைத் தொடவும் தகுதியற்றோம். எனினும், குருத்துவத்தைப் பெற்ற பிறகும் ஒருவர் மாணவராகலாம் என்பதற்கு நம் பக்கத்து ஊரிலேயே சான்று இருந்தது என்பது நமக்குத் துணிவைத் தந்தது.

வார இறுதியில் தொடர்பு வகுப்புகள். உடன் பயின்றோர் ஒரு காவலர், இரண்டு பள்ளி ஆசிரியைகள், துணிக்கடையில் கணக்கெழுதும் ஓர் இளைஞர், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டு வரும் ஒரு பெண். பாடம் நடத்திய பேராசிரியைக்கு முப்பது வயது இருக்கலாம். நாம் வகுப்பில் நுழைந்தால் அவர் எழுந்து நின்றுவிடுவார். நாம் பதறி அமரச் சொல்வோம். ஒருமுறை நாம் ஐயம் ஒன்றை எழுப்பினோம். கேட்டு முடித்தவர் தயங்கியபடியே, "ஃபாதர், தப்பா நினைக்காதீங்க. நீங்க கேள்வி கேட்டாக்கூட அதுலயே பதிலும் இருக்கு. அப்புறம் நான் என்ன சொல்றது?" என்றார். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அச்சொல் கூடவே வந்தது.

அவரே ஒரு நாள் தகவல் தொடர்புக் கோட்பாடுகளை நடத்தினார். 1948இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்ட கோட்பாட்டை விளக்கும் படத்தைக் கரும்பலகையில் வரைந்தார். செய்தி புறப்படும் இடம், அதைக் குறியாக மாற்றும் கருவி, செல்லும் வழி, வழியில் குறுக்கிடும் இரைச்சல், பெறும் கருவி, சேரும் இடம். தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர் வகுத்த படம் அது. அம்புக்குறிகள் எல்லாம் ஒரே திசையில் சென்றன. பின்னர், 1954இல் வில்பர் ஷ்ராம் வெளியிட்ட படத்தை வரைந்தார். அதில் அம்பு வளைந்து திரும்பி வந்தது. கேட்பவரும் சொல்பவராகிறார், சொன்னவர் கேட்பவராகிறார். திரும்பி வரும் அந்த அம்புக்குப் 'பின்னூட்டம்' என்று பெயர்.

குருமடத்தில் மறையுரைக் கலை பயின்றோம். தொடக்கம் எப்படி, உவமை எங்கே, குரலை எப்போது தாழ்த்துவது என்றெல்லாம் கற்றோம். அந்தக் கல்விக்கு என்றும் நன்றியுடையோம். ஆயினும் நம் மனத்தில் பதிந்த படம் முதற் படமாகவே இருந்துவிட்டது. மேடையிலிருந்து மக்களை நோக்கி ஓர் அம்பு.

அடுத்த மாதம் சிற்றிலக்கியத் தாளில் தூது வந்தது. தலைவனைப் பிரிந்த தலைவி, தன் நிலையைச் சொல்லுமாறு ஒன்றைத் தூது விடுவதாகப் பாடும் இலக்கியம் இது. இலக்கண நூலார் தூதுக்குரியவையாக அன்னம், மயில், கிள்ளை, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்தை எண்ணுவர். கிள்ளை என்று படித்த இடத்தில் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பாடிய 'அழகர் கிள்ளைவிடு தூது' தனி நூலாகவே உள்ளது. இன்று கிடைக்கும் தூது நூல்களில் மிகப் பழமையானதாகக் கருதப்படும் 'நெஞ்சுவிடு தூது', நம் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் இயற்றியது. சைவப் பெரியார் ஒருவரின் நூல் அது. தன் நெஞ்சையே இறைவனிடம் தூது அனுப்பும் அந்த எண்ணம் எந்தச் சமயத்தாரையும் நின்று சிந்திக்க வைக்கும்.

தூது நூல்களுக்குப் பொதுவான போக்கு ஒன்று உண்டு. அனுப்புபவர் முதலில் தூதுப் பொருளைப் புகழ்வார். பிறகு தலைவனின் பெருமை. அதன்பின், எந்த நேரத்தில் அவனை அணுகலாகாது, எந்த நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கற்பிப்பார். இறுதியில் ஒரு வேண்டுகோள்: அவனிடமிருந்து மாலையை வாங்கி வா. சொல்லிவிட்டு வா என்பதோடு தூது முடிவதில்லை. மாலை வந்தால்தான் தூது நிறைவேறும்.

அயல்நாட்டார் 1950களில் வளைத்து வரைந்த அம்பை, நம் புலவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு மாலையாகக் கட்டி வைத்திருந்தார்கள்! கிளிக்கு இருவகைப் பெயர் உண்டு. சொன்னதையே திருப்பிச் சொல்வதால் அது எள்ளலுக்குரியது. தூது சென்று மாலை வாங்கி வருவதால் போற்றுதலுக்குரியது. நாம் எந்தக் கிளி என்று நம் ஊரின் பெயர் நம்மைக் கேட்டது அப்போதுதான்.

விடை விரைவிலேயே கிடைத்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தகவல் தொடர்பியல் தாளுக்கு ஓர் ஒப்படைப்பு தரப்பட்டது. ஒரு செய்தியைத் தேர்ந்து, அதைக் கேட்ட பத்துப் பேரைச் சில நாள் கழித்துச் சந்தித்து, அவர்கள் மனத்தில் நிற்பது என்ன என்று எழுதி வர வேண்டும். மற்றவர்கள் வானொலிச் செய்தியையும் விளம்பரத்தையும் எடுத்துக்கொண்டனர். நாம் நம்முடைய ஞாயிறு மறையுரையை எடுத்துக்கொண்டோம். புதன்கிழமை மாலை, குறிப்பேட்டோடு வீடு வீடாகப் புறப்பட்டோம்.

சிலருக்கு நாம் சொன்ன கதை மட்டும் நினைவிருந்தது. கதை எதற்காகச் சொல்லப்பட்டது என்பது இல்லை. ஒருவருக்கு மறையுரைக்குப் பின் வந்த அறிவிப்பு நினைவிருந்தது. ஒரு பாட்டிக்கு ஒன்றுமே நினைவில்லை. ஆனால் நம் தொண்டை கட்டியிருந்தது என்று சொல்லி, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். எல்லாரிலும் நன்றாகக் கேட்டவர் அவர்தாம் என்று இன்றும் நினைக்கிறோம்.

பத்தாவதாக ஒரு பெரியவரின் வீடு. கழியில் வலை வீசி வாழ்பவர். ஞாயிறு தோறும் தவறாது வருவார். மறையுரை தொடங்கியதும் எழுந்து வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் அமர்வார். விசுவாச அறிக்கை தொடங்கும்போது திரும்பி வருவார். ஈராண்டுகளாக இதைக் கண்டு நாம் உள்ளுக்குள் சினந்திருந்தோம். ஒருமுறை, பெயர் சொல்லாமல், மேடையிலிருந்தே குத்திப் பேசியும் இருக்கிறோம். அதை இங்கே எழுதும்போது வெட்கமாக உள்ளது.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துல உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டோம்.

"நான்தான் உள்ள இல்லியே சாமி."

"சரி. எப்பவாவது நான் சொன்னது ஏதாவது?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"நீங்க வந்த வருசம், சுனாமி நெனைப்பு நாளுல ஆத்துமொகத்துல நின்னு பேசுனீங்க. கடலுக்கு ஆண்டவரு கதவு வச்சு, தாப்பாளு போட்டு வச்சிருக்காருன்னு சொன்னீங்க. அன்னைக்கு அந்தக் கதவ யாரு சாமி தொறந்தது?"

2021ஆம் ஆண்டு டிசம்பர் 26. புதிதாக வந்திருந்த நாம், நினைவு வழிபாட்டிற்கு வாசகங்களை நாமே தேர்ந்தெடுத்திருந்தோம். யோபு நூலின் 38ஆம் அதிகாரம். மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரம், காற்றையும் கடலையும் ஆண்டவர் அடக்கும் பகுதி. கடலும் இறைவனுக்குக் கீழ்ப்படியும், ஆகவே அஞ்சாதீர்கள் என்று ஆறுதல் சொன்னோம். அழகாகப் பேசியதாகவே எண்ணியிருந்தோம். 2004ஆம் ஆண்டின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தம் பேத்தியைக் கையில் பிடித்திருந்து, அந்தக் கையிலிருந்தே இழந்த மனிதர் ஒருவர் கூட்டத்தில் நின்றிருந்தார். கடல் இறைவனுக்குக் கீழ்ப்படியும் என்று நாம் சொன்னது, அவள் இறைவனின் கட்டளையால் போனாள் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. சொன்னது ஒன்று, சேர்ந்தது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே கிடந்த ஈராண்டை நாம் அவருடைய பணிவின்மை என்று எண்ணியிருந்தோம்.

நம் நாவில் விடை தயாராக இருந்தது. இறைவன் விரும்புவது வேறு, அனுமதிப்பது வேறு என்று இறையியல் வகுப்பில் படித்த பாகுபாடு. கடலடியில் நிலம் அதிர்ந்ததால் அலை எழுந்தது என்னும் அறிவியல். இரண்டும் பொய்யல்ல. வாயைத் திறந்தபோது, கேள்வியிலேயே பதிலை வைத்துவிடும் நம் வழக்கத்தைச் சுட்டிய அந்த இளம் பேராசிரியை நினைவுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டோம். சற்றுப் பொறுத்து, "பாப்பா பேரு என்னங்கய்யா?" என்று கேட்டோம்.

சொன்னார். அப்பெயரை இங்கே எழுதவில்லை; அது அவருடையது. அதன் பிறகு அவள் நண்டுக்கு அஞ்சியது, பள்ளிக்கூடத்துக்குப் போக அடம் பிடித்தது, கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடையை மறுநாளும் கழற்ற மறுத்தது என்று பேசிக்கொண்டே இருந்தார். விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று. நாம் எழுதுகோலை எடுக்கவே இல்லை. ஒப்படைப்பில் ஒன்பது பேரின் விடைகளை மட்டும் எழுதிப் பத்தாவது இடத்தை வெறுமையாக விட்டோம். அதற்கு மதிப்பெண் குறைந்தது, முறைதானே.

அன்றிரவு யோபு நூலை எடுத்து, நாம் பலமுறை பாடம் கேட்ட அந்த நூலை, மாணவராகப் படித்தோம். இறைவன் பேசத் தொடங்குவது 38ஆம் அதிகாரத்தில். அதற்கு முன் யோபுவும் நண்பர்களும் மற்றவர்களும் முப்பது அதிகாரங்களுக்கு மேல் பேசுகிறார்கள். யோபு அழுகிறார், வழக்காடுகிறார், இறைவனையே கேள்விக்கு அழைக்கிறார். நண்பர்களோ இறைவனுக்காக வாதாடி, இறையியல் பிழையின்றிப் பேசுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். கடைசி அதிகாரத்தில் இறைவன் கண்டிப்பது நண்பர்களை. சரியாகப் பேசியவர் என்று சான்று பெறுபவர் யோபு. ஆற்றுமுகத்தில் நாம் செய்தது என்ன? யோபுவை அழ விடாமல் நேரே 38ஆம் அதிகாரத்துக்குப் போய்விட்டோம். நண்பர்களின் வரிசையில் நாமும் ஒருவர்.

மாற்குவிலும் அப்படியே. கடல் அடங்குவதற்கு முன், படகிலிருந்தவர்கள் ஆண்டவரை எழுப்பி, நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலை இல்லையா என்ற பொருளில் முறையிடுகிறார்கள். அது ஏறத்தாழ ஒரு பழிச்சொல். அதை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. பெரியவர் கேட்டது திருமறைக்குப் புறம்பான கேள்வி அன்று. திருமறைக்குள்ளேயே இருந்த கேள்வி. நாம்தான் அதைத் தாண்டிக் குதித்து அற்புதத்துக்குப் போயிருந்தோம்.

அதே ஆண்டு ஜூன் 23ஆம் நாள் பொதுக்காலத்தின் பன்னிரண்டாம் ஞாயிறு. திருவழிபாட்டு நாள்காட்டியைப் பார்த்தால், அதே யோபு 38. அதே மாற்கு 4! இம்முறை நாம் தேர்ந்தெடுக்கவில்லை; திருச்சபையே எடுத்துக் கையில் கொடுத்தது. சனிக்கிழமை மாலை பெரியவரிடம் சென்றோம். நாளைக்கு அந்த வாசகங்கள்தாம் வருகின்றன, என்ன சொல்லட்டும் என்று கேட்டோம்.

"படிக்க வேண்டியத படிங்க சாமி. ஆனா, கடல் அடங்கிடுச்சுன்னு சீக்கிரம் சொல்லிடாதீங்க" என்றார்.

நாம் பெற்ற மறையுரைப் பயிற்சிகளில் அதனினும் சிறந்த அறிவுரை இல்லை. மறுநாள் அவ்வாறே செய்தோம். படகில் எழுந்த கூக்குரலிலேயே நெடுநேரம் நின்றோம். அன்று கதவைத் திறந்தது யார் என்று நம்மிடம் ஒருவர் கேட்டார், நமக்கு விடை தெரியவில்லை, ஆண்டவரிடமே அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றோம். அவர் அந்தப் படகைவிட்டு இறங்கிப் போகவில்லை என்பதை மட்டும் நம்பிச் சொல்கிறோம் என்று முடித்தோம். பெரியவர் அன்று பூவரசடிக்குப் போகவில்லை. உள்ளேயும் வரவில்லை. வாசற்படியில் அமர்ந்திருந்தார்.

டிசம்பர் 26, இருபதாம் ஆண்டு நினைவு. ஆற்றுமுகத்தில் நாம் மறையுரை ஆற்றவில்லை. இழந்தவர்களின் பெயரை அவரவர் குடும்பத்தார் சொல்ல, ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் சிறிது அமைதி. பெரியவரும் முன்வந்து ஒரு பெயரைச் சொன்னார்.

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இரண்டு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று திருவழிபாட்டைப் பற்றியது. மற்றது சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றியது. முன்னதைப் பலமுறை படித்திருந்தோம்; பின்னது பத்திரிகைக்காரருக்கும் வானொலிக்காரருக்கும் உரியது என்று ஒதுக்கியிருந்தோம். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை என்பதன் பொருள் இப்போதுதான் நமக்கு விளங்குகிறது. 2022ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்த கருப்பொருளும் பேசுவதைப் பற்றியதாக இல்லை. இதயச் செவியால் கேட்பதைப் பற்றியதாகவே இருந்தது.

தேர்வு முடிந்தது, பட்டமும் கிடைத்தது. இப்போதெல்லாம் புதன்கிழமை மாலைகளில் இரண்டு வீடுகளுக்காவது போகிறோம். குறிப்பேடு கொண்டுபோவதில்லை. ஞாயிறன்று என்ன கேட்டீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்துவிடுகிறோம். சில வீடுகளில் ஒன்றும் கிடைப்பதில்லை. சில வீடுகளில் தேநீர் கிடைக்கிறது. எப்போதாவது ஒரு கேள்வி கிடைக்கிறது. நூலில் கிள்ளை மாலை வாங்கி வரும். நம் கைக்கு வந்தது விடை தெரியாத ஒரு கேள்வி. அதையே மாலையாக ஏற்று, அனுப்பியவரிடம் கொண்டுபோய் நற்கருணைப் பேழைமுன் வைக்கிறோம்.

வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பங்குக் குருவின் மறையுரை உங்களை எங்கேனும் காயப்படுத்தியிருந்தால், மரத்தடிக்குப் போய்விடாதீர்கள், அவரிடம் சொல்லுங்கள். உடன்பணியாளர்களுக்கும் ஒன்று. யாரேனும் மரத்தடியில் அமர்ந்திருந்தால், மேடையிலிருந்து பேசாமல், இறங்கிப் போய் அருகில் அமருங்கள். நமக்கு அதைச் செய்ய ஈராண்டும் ஒரு பட்டப்படிப்பும் தேவைப்பட்டன. உங்களுக்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை.